சாரல் காலத்து நடைவழிகள்

ஜூன் 6, தென்காசி

காற்று திரும்பிவிட்டது. காலையில் காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுர வாசலில் கால் வைத்ததுமே எதிர்க்காற்று வேட்டியைப் பிடித்துத் தள்ளியது. ஆரியங்காவுப் பக்கம் மேற்குமலை தாழ்ந்து வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் புகுந்து, மலையாளத்தில் கொட்டியது போக மிச்ச ஈரத்தை இந்தச் சமவெளியில் தூவுகிறது. அதுதான் சாரல். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். நடக்கிறவனுக்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல பருவம் இல்லை.

குற்றாலச் சீசனுக்கு வருகிறவர்கள் வேனில் வந்து இறங்கி, அருவியில் குளித்து, பழம் வாங்கிக்கொண்டு வேனிலேயே திரும்புகிறார்கள். ஓர் அருவிக்கும் அடுத்த அருவிக்கும் நடுவே கிடக்கும் வயல், குளம், வாய்க்கால், பொத்தைக் குன்று எதுவும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. இந்த வருஷம் அந்த நடுநிலத்தை நடந்து எழுதிவைக்க வேண்டும்.

ஜூன் 9, யானைப்பாலம் – இலஞ்சி

விடியற்காலையில் யானைப்பாலத்திலிருந்து சிற்றாற்றை எதிர்த்து மேற்கே நடந்தேன். ஆற்றில் புதுத்தண்ணீர். கார் சாகுபடிக்கு வயல்களில் தொளியடிக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் பருவம் இரண்டு: சாரல் தண்ணீரில் கார், ஐப்பசி மழையில் பிசானம். எந்த மாதம் நடந்தாலும் வரப்பின் இருபுறமும் ஏதாவது வேலை நடந்துகொண்டிருக்கும்.

ஆற்றங்கரையை விட்டு வாய்க்கால் கரையில் ஏறினால் இந்த நிலத்தின் கணக்கு விளங்கிவிடும். அணைக்கட்டில் தடுத்த தண்ணீர் கால் வழியாகக் குளத்துக்குப் போகிறது. குளத்து மடையிலிருந்து வயலுக்கு இறங்குகிறது. குளம் பெருகினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகிறது. நான் நடக்கிற பாதை இந்தத் தண்ணீரோடு சேர்ந்து பிறந்தது. நீர்ப்பாய்ச்சுகிறவர் ராவும் பகலும் கரையில் போய்வர வேண்டியிருந்ததால்தான் கரைக்கு மேல் ஆள் நடக்கும் அகலம் விட்டு மண் போட்டார்கள்.

மண்வெட்டியோடு எதிரே வந்த பெரியவர் ஒருவர் நின்று கேட்டார்: “எங்க போறிய? பஸ்ஸ விட்டுட்டியளா?”

“இல்ல அண்ணாச்சி, இலஞ்சிக் கோயில் வர சும்மா நடந்து போறேன்.”

“நடங்க, நடங்க. ஆளு நடந்தாத்தான் கர கெட்டிப்படும். நடக்க ஆளில்லன்னா நண்டு வளை போட்டு அரிச்சிரும்லா.”

நான் இந்தக் குறிப்புகளில் சொல்ல நினைத்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். ஆள் நடமாட்டம் இருக்கிற கரையில் உடைப்பு உடனே கண்ணுக்குத் தெரியும். நடமாட்டம் நின்றால் கரை பலவீனப்படும், பிறகு தண்ணீரும் தடம் மாறும். இலஞ்சிக் குமாரர் கோயிலில் சற்று உட்கார்ந்துவிட்டு அதே வழியில் திரும்பினேன்.

ஜூன் 17, செங்கோட்டை – குண்டாறு

1911இல் இதே தேதியில்தான் செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தன்னையும் மாய்த்துக்கொண்டான். அன்று செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். 1956 நவம்பர் 1இல்தான் தமிழகத்தோடு சேர்ந்தது. சமஸ்தானத்துச் சங்கு முத்திரை பதித்த பழைய வளைவு இன்னும் சாலைமேல் நிற்கிறது. 1904இல் கொல்லம் ரயில் வரும்வரை ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தவர்கள் நடந்தும் மாட்டுவண்டியிலும்தான் கடந்தார்கள்.

வஞ்சினத்தோடு போன அந்த இளைஞனை நினைத்துக்கொண்டே ஊரைத் தாண்டி மேற்கே நடந்தேன். தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகும் பாதை குண்டாறு அணையில் முடிகிறது. 36 அடி உயரமே உள்ள சிறிய அணை என்பதால் சாரல் வலுத்ததும் மாவட்டத்தில் முதலில் நிறைவது பெரும்பாலும் இதுதான். மலையடிவாரத் தோப்புகளில் யானை இறங்குவது உண்டு. இங்கே நடப்பவர்கள் வெயில் தாழுமுன் திரும்பிவிட வேண்டும். வழியில் பார்க்கிற தோட்டக்காரரிடம் “ராத்திரி ஆன வந்துதா?” என்று கேட்டுவிட்டு மேலே போவதுதான் முறை.

ஜூலை 2, மேலகரம் – குற்றாலம் – ஐந்தருவி

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில் மேலகரம். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். 18ஆம் நூற்றாண்டு நூல் அது. அதில் குறி சொல்ல வரும் சிங்கி ஊர் ஊராக நடந்தவள். தன் மலையின் வளத்தையும் தான் கண்ட நாடுகளையும் வரிசையாகச் சொல்கிறாள். இந்த மண்ணின் பெரிய இலக்கியத்தில் பாதி, நடந்தவள் கண்ட காட்சி. அவள் நடந்த நிலத்தை நாம் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள்ளிருந்து பார்த்தால் அந்தப் பாட்டின் சுவை எப்படிப் பிடிபடும்?

குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் அமைந்தது. தலமரம் குறும்பலா. நடராசரின் ஐந்து சபைகளில் சித்திரசபை இங்கே இருக்கிறது. சுவரெல்லாம் ஓவியம். பேரருவியில் தலை நனைத்துக்கொண்டு ஐந்தருவிச் சாலையில் நடந்தேன். ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் வாழ்ந்து, 1954இல் மறைந்தது இந்தக் குற்றாலத்தில்தான். கம்பனைச் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறையை ருசிக்கப் பழக்கியவர். மரநிழலில் சாரல் பட நடந்தபோது, அந்த ரசனைக்கு இந்த ஊர் ஏன் பிடித்துப்போனது என்பது தானாக விளங்கியது.

மேலே செண்பக அருவி, தேனருவிப் பாதைகள் காட்டுக்குள் போகின்றன. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே ஏறக் கூடாது. அது சரியான கட்டுப்பாடு. காட்டுக்கு ஓய்வு வேண்டும். நமக்கு நடக்கக் கீழேயே வேண்டிய வழி இருக்கிறது.

ஜூலை 20, ஆயிரப்பேரி – பழைய குற்றாலம்

வயலோரமாக ஆயிரப்பேரி போய், அங்கிருந்து பழைய குற்றாலம். 2024 மே மாதம் திடீர் வெள்ளம் ஒரு மாணவன் உயிரைக் கொண்டுபோனது இந்த அருவியில். மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. மேற்கே கருக்கல் கட்டினால் ஓடைக்குள் இறங்கவே கூடாது.

திரும்பும் வழியில் மனம் கசந்தது. மாட்டுவண்டி போய்வந்த தடத்தின் குறுக்கே இரும்புக் கேட்டும் முள்வேலியும். உள்ளே மனைக்கற்கள். புல்லுக்கட்டோடு வந்த அக்கா ஒருவர் வேலியைச் சுற்றிக்கொண்டு போனார். “முன்ன இப்படியே நேரா போவோம். இப்ப யாருகிட்ட போயி கேக்க?” என்றார்.

கேட்பதற்கு இடம் இருக்கிறது. பழைய கிரயப் பத்திரங்களில் “மாமூல் வண்டிப்பாதைப் பாத்தியம்” என்று எழுதியிருப்பார்கள். தனியார் நிலத்தின் வழியே 20 வருஷம் இடையூறில்லாமல் உரிமையோடு நடந்துவந்தவருக்கு 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம் வழியுரிமை தருகிறது. பொதுப்பாதை அரசின் சொத்து என்கிறது 1905ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம். பாதைப் புறம்போக்கும் ஓடைப் புறம்போக்கும் கிராமக் கணக்கில் புல எண்ணோடு இருக்கின்றன. காகிதத்தில் பாதை உயிரோடு இருக்கிறது. தரையில்தான் அதை முள் மூடுகிறது.

ஆகஸ்ட் 3, சுந்தரபாண்டியபுரம்

மலையை விட்டுக் கிழக்கே வரவர சாரல் மெலிந்து காற்று மட்டும் மிஞ்சுகிறது. வெடித்த பொத்தைகள், நிறைந்த குளம், மஞ்சள் மஞ்சளாகச் சூரியகாந்தி. படம் எடுக்க வந்தவர்கள் பூவுக்குள் இறங்கி மிதித்த தடம் அங்கங்கே. வரப்பிலேயே நின்றால் பூவும் தெரியும், உழுதவர் பாடும் தெரியும். வரப்பை விட்டு இறங்காதிருப்பதே நடக்கிறவன் செய்ய வேண்டிய முதல் மரியாதை.

ஆகஸ்ட் 10, தென்காசி

அடைபட்ட அந்த வண்டித்தடத்தை நினைக்கையில் இங்கிலாந்து நினைவுக்கு வருகிறது. அங்கே சின்னக் கிராமங்களைச் சுற்றிலும் பொது நடைபாதைகள் உண்டு. தனியார் வயலுக்கு நடுவே போனாலும் அங்கே யாரும் நடக்கலாம். 1932இல் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் நடக்கும் உரிமை கேட்டுத் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். பாதைகளை வரைபடத்தில் சட்டப்படி பதிந்து வைக்க வேண்டும் என்று 1949இல் சட்டம் வந்தது. வயலின் குறுக்கே போகும் பாதையை உழுத விவசாயி 14 நாளுக்குள் அதை மறுபடி நடக்கும்படி செய்துதர வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இப்படிப்பட்ட வழிகள் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். நடக்கிறவர்கள் விடாமல் கேட்டதால் கிடைத்தது அது.

நம்மிடம் வரைபடம் ஏற்கெனவே இருக்கிறது. எடுத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. பழுதைத் திருத்துவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 15ஆம் நூற்றாண்டில் இந்தத் தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதற்குக் குறை நேர்ந்து அதைத் திருத்துகிறவர்களின் அடிகளைத் தான் பணிவதாகக் கல்லில் எழுதிவைத்தான். நெடுங்காலம் பிளந்து நின்ற ராஜகோபுரம் மறுபடி எழுந்து 1990இல் குடமுழுக்குக் கண்டது. கட்டியவனுக்குச் சமமான புண்ணியம் காப்பவனுக்கும் உண்டென்று ஓர் அரசனே நம்பிய மண் இது.

சீசனுக்கு வருகிறவர்களே, ஒரு காலைப்பொழுதை அருவிக்குக் கொடுங்கள், இன்னொன்றை வாய்க்கால் கரைக்குக் கொடுங்கள். இந்த ஊர்க்காரர்களே, உங்கள் கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் எடுத்து, எந்தப் பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள். அடைபட்டிருந்தால் கிராமசபையில் எழுந்து கேளுங்கள், தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். திறந்திருந்தால் இரு முனையிலும் ஒரு கல் நட்டுப் பெயர் எழுதுங்கள். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அதில் நடங்கள்.