விஷவாயு என்று ஒரு வாயு இல்லை

‘விஷவாயு தாக்கி இருவர் பலி.’ இந்தத் தலைப்பைப் படிக்காதவர் நம்மில் யாரும் இல்லை. ஊர் பெயர் மாறும், செத்தவர்களின் எண்ணிக்கை மாறும். சாதி மட்டும் மாறாது. வாயுவின் பெயரும் மாறாது, ஏனென்றால் அதற்குப் பெயரே கிடையாது.

கடலூர் முதுநகர்ப் பக்கம் எங்கள் காலனியில் பிள்ளைகளுக்கு மாலைப் படிப்பு நடத்துகிறோம். நான் எம்.ஏ. தமிழ். அறிவியல் எடுக்கிற தோழர் வராத ஒரு நாளில், பத்தாவது படிக்கிற பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: “அண்ணா, விஷவாயுக்கு பார்முலா என்னாண்ணா?” அவளுடைய தாய்மாமன் செப்டிக் டேங்கில் இறங்கிப் போனவர். எப்.ஐ.ஆரிலும் ‘விஷவாயு’ என்றுதான் இருக்கிறது. நான் பேந்தப் பேந்த முழித்தேன்.

நான் முழித்ததற்கு ஒரு கதை இருக்கிறது. பிளஸ் டூவில் எனக்கு வேதியியல் உண்டு. ஆய்வகத்தில் கிப் உபகரணம் வைத்திருப்பார்கள். இரும்பு சல்பைடின்மேல் நீர்த்த அமிலம் பட்டால் அழுகின முட்டை நாத்தத்தோடு வாயு வரும். நான் மூக்கைப் பொத்தினேன். வாத்தியார் சிரித்துக்கொண்டே, “ஒனக்கென்னாடா, ஒங்க தெரு வாசனதானே” என்றார். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு மூடின வேதியியல் புத்தகம்தான். பிறகு சிதம்பரத்துக்குத் தமிழ் படிக்க வந்துவிட்டேன். ஆய்வகத்தில் நாறிய அந்த வாயுதான் குழிக்குள் எங்கள் ஆட்களைக் கொல்கிற வாயு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் தோழரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டேன். பிள்ளைகளோடு பிள்ளையாக.

அதன் பெயர் ஹைட்ரஜன் சல்பைடு. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இதற்கு ‘ஈரல் காற்று’ என்று பேர். யார் எதைக் கண்டாரோ அவர் வாய்க்கு வந்ததுதான் பெயர். 1787இல் லவாய்சியரும் அவர் கூட்டாளிகளும் பிரான்சில் இதை மாற்றினார்கள். ஒரு பொருளின் பெயர் அதற்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும் என்றார்கள். எத்தனை என்பதையும் இன்று பெயரே சொல்கிறது. கார்பன் மோனாக்சைடில் ஆக்சிஜன் ஒன்று, கார்பன் டை ஆக்சைடில் இரண்டு. கார்பன் டை சல்பைடில் கந்தகம் இரண்டு. ஹைட்ரஜன் முன்னால் வரும்போது வழக்கத்தில் ‘டை’ போடுவதில்லை.

சரி, ஹைட்ரஜன் ஏன் இரண்டு? கந்தகத்தில் 16 எலக்ட்ரான்கள்: 2, 8, 6 என்று அடுக்கடுக்காக. வெளி அடுக்கில் இருக்கிற ஆறும்தான் இணைதிறன் எலக்ட்ரான்கள். எட்டு ஆக வேண்டும், இரண்டு குறைகிறது. ஹைட்ரஜனிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதற்கு வேண்டியது இரண்டு. ஆகவே ஒவ்வொரு ஹைட்ரஜனும் தன் ஒன்றை வைக்கிறது, கந்தகமும் ஒன்றை வைக்கிறது, இருவருக்கும் பொதுவாக ஒரு ஜோடி. இப்படி இரண்டு ஜோடி. பிணைப்பு என்பது பொதுவில் வைக்கிற ஜோடி என்று கில்பர்ட் லூயிஸ் கலிபோர்னியாவில் எழுதியது 1916இல். அதே 1916இல்தான் சுவாமி சகஜானந்தா சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கினார். அங்கே அணுவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இங்கே எங்கள் பிள்ளை பலகையில் உட்காரவே ஒரு கழகம் வேண்டியிருந்தது.

இனி கொலைக் கணக்கு. காற்றுப் போகாத குழியில், மலத்தில் இருக்கிற கந்தகச் சத்தைக் கிருமிகள் இந்த வாயுவாக மாற்றுகின்றன. இதன் மூலக்கூறு எடை 34, காற்றுக்குச் சராசரி 29. அதனால் அடியில் தங்கும். சேற்றைக் கிளறினால் பொங்கி வரும். கொஞ்சமாக இருந்தால் நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கைத் தாண்டினால் மூக்கே மரத்துப்போகும். நாத்தம் நின்றுவிட்டது என்று நினைக்கிற நேரத்தில்தான் சாவு பக்கத்தில் இருக்கிறது. உடம்பின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துகிற இடத்தையே அது அடைத்துவிடுகிறது. தூக்கப் போகிறவனும் விழுவது இதனால்தான். ‘குடிச்சிட்டு எறங்கனான், செத்தான்’ என்று ஊர் சொல்கிறதே, அது பொய்.

பெயர் தெரிந்தால் என்ன ஆகும்? இதே கடலூர்–சிதம்பரம் சாலையில் சிப்காட் இருக்கிறது. 2004இல் அந்தக் கிராமத்து ஆட்களே நாத்தத்தை நாள், நேரம் போட்டுக் குறித்தார்கள். காற்றைப் பையில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதுவரை வெறும் ‘நாத்தம்’ என்றிருந்தது இரசாயனங்களின் பட்டியலாகத் திரும்பி வந்தது. நாத்தம் என்றால் ‘பழகிக்கோ’ என்று அதிகாரி சொல்லலாம். பட்டியலிடம் அப்படிச் சொல்ல முடியாது.

சட்டம் 1993இல் வந்தது, 2013இல் இன்னொன்று வந்தது. 1993 முதல் செத்தவர் குடும்பங்களுக்குப் பத்து லட்சம் கொடு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் முப்பது லட்சம் என்றது. மனு எழுதுகிற தோழர்களே, இனி ‘விஷவாயு’ என்று எழுதாதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடு என்று எழுதுங்கள். இறக்குவதற்கு முன்னால் குழியில் அதை அளந்தாயா, எந்தக் கருவியில் அளந்தாய், எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். விஷவாயு என்றால் விதி. ஹைட்ரஜன் சல்பைடு என்றால் இறக்கிவிட்டவன் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண் பலகையில் நடுவில் கந்தகத்தை எழுதி, சுற்றிலும் எட்டுப் புள்ளி வைத்தாள். சரியாக இருந்தது. பிறகு தன் மாமாவுக்கான மனுவை எடுத்து, ‘விஷவாயு’ வந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டு மேலே சரியான பெயரை எழுத ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சந்திப்பிழை மட்டும் பார்த்தேன்.