2,14,74,83,647

என் மகள் இந்த எண்ணை பில்லியனில் தொடங்கி வாசிப்பாள். எனக்கு வாயில் வருவது இருநூற்றுப் பதினான்கு கோடிச் சொச்சம். முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இது. பகா எண்; மெர்சென் பகா எண்களில் எட்டாவது.

1772-இல் ஆய்லர் இதைப் பகா எண் என்று நிறுவியபோது, அவர் பார்வையை ஏறக்குறைய இழந்திருந்தார். 46,340 வரையுள்ள பகா எண்களில், 248-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 63 வருபவற்றை மட்டும் சோதித்தால் போதும் என்று கண்டார்.

என் தொழிலில் இதே எண் ஒரு சுவர். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய மென்பொருள்கள் இதைத் தாண்ட முடியாது. ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மீதி முப்பத்தொன்றும் 2038 ஜனவரி 19, கிரீன்விச் நேரம் அதிகாலை 3:14:07-க்கு நிரம்பிவிடும். ஊரில் அப்போது காலை 8:44. அடுத்த நொடி, தேதி 1901 டிசம்பருக்குத் தாவும்.

வருங்காலத் தேதிகளைக் கணக்கிடும் நிரல்கள் இப்போதே சுவரில் மோதுகின்றன. நான் சோதித்த ஓய்வூதிய நிரல் ஒன்றில், 2041 ஜூனில் ஓய்வு பெறவேண்டிய ஒரு பெண், பிறப்பதற்கு முன்பே, 1905-இல் ஓய்வு பெற்றிருந்தார். மாதத் தொகை பூஜ்யம். நிரலை எழுதியவர்கள் எவரும் இப்போது வேலையில் இல்லை.

64 பிட்டுக்கு மாற்றுவது எளிது. பழைய 32 பிட் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவதுதான் பாடு. எங்கே தேடவேண்டாம் என்பது ஆய்லருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் வரிவரியாகப் படிக்கிறோம்.