ரெண்டாவது சூடு

எங்கள் தெருவுக்கு முதல் கார் வந்தது 1996இல். மாமா வாங்கினார். அம்பாசிடர், மார்க் 3, மூன்று கை மாறி வந்த வண்டி. 28,000 ரூபாய். பாதி அத்தையின் கம்மலும் சங்கிலியும், மீதி வட்டிக்கு வாங்கினது. சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கும் கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. தெருவில் பாதிச் சனம் பட்டாசு ஆபீஸ், மீதி தீப்பெட்டி ஆபீஸ். எங்க பக்கம் பாக்டரி என்று யாரும் சொல்வதில்லை. மருந்து கிண்டுகிற இடமும் ஆபீஸ்தான்.

கல்யாணம், ஆஸ்பத்திரி என்று வாடகைக்கு ஓட்டத்தான் மாமா நினைத்தார். 1997 வந்து வண்டியை வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டது.

அந்த வருசம் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடங்கி, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டினார்கள். கட்டபொம்மன் படையில் தளபதியாக இருந்தவர், கவர்னகிரிக்காரர், 1799இல் வெள்ளைக்காரனோடு மோதிச் செத்தவர். வெடிமருந்துக் கிடங்கில் தீயோடு குதித்தார் என்று எங்கள் பக்கம் கதை சொல்வார்கள். மருந்தில் செத்தவர் பேரை மருந்தில் பிழைக்கிற சீமைக்கு வைத்தது பொருத்தம்தான் என்று நான் நினைத்தேன். ஆதிக்கச் சாதிக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. பள்ளன் பேர் எழுதின பஸ்ஸில் ஏறுவதா என்றார்கள். கல் பறந்தது, கலவரம் வந்தது. கடைசியில் அதே வருசம் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பேரை எடுத்தது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆனது அப்போதுதான். ஒரே ஒரு பேரை அழிக்க எத்தனை பேரை அழிக்க வேண்டியிருந்தது பாருங்கள்.

அந்த ஜூன் 30ந்தேதிதான் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருப் பெண்கள் பஸ் ஏறப் பயந்தார்கள். ஆபீஸ் வேன்காரனும் உங்க தெருவுக்குள்ள வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. மாமா வண்டியை எடுத்தார். முன்சீட்டில் நாலு பேர், பின்னால் எட்டு. டிக்கி நிறையத் தூக்குச்சட்டி.

அம்பாசிடர் பின்பக்கம் பட்டையில் நிற்கிற வண்டி. வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் சென்டர் போல்ட் போட்டு, யூ போல்ட்டால் அச்சோடு இறுக்கியிருப்பார்கள். மாமா வண்டியில் அந்த வில் கிழடாகி நிமிர்ந்துபோயிருந்தது. போதாக்குறைக்கு ரீட்ரெட் பண்ணின டயர், புதுசைவிடக் கொஞ்சம் தடிமன். பின் மட்கார்டு டயரின் தலையை மூடித் தொங்குகிற அமைப்பு வேறு. பன்னிரண்டு பேர் ஏறினதும் வண்டி உக்காந்துரும். பள்ளத்தில் இறங்கினால் டயர் மட்கார்டு விளிம்பில் உரசும். உரசினால் ரப்பர் கருகி நாறும்.

வேறு ஊரில் இது சின்ன விஷயம். அந்த வண்டிக்குள் இருந்தவர்கள் சேலையெல்லாம் அலுமினியப் பவுடரும் கந்தகமும் ஒட்டினவர்கள். 1991 ஜூலையில் மீனம்பட்டியில் ஆபீஸ் வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது அந்தப் புகையைப் பார்த்தவர்கள். கருகல் வாடை மூக்கில் பட்டதும் ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்துவிடுவார்கள். ஒருநாள் பெரியம்மா குதித்தே விட்டாள். முழங்கையில் எலும்பு தெரிந்தது.

விளிம்பைச் சுத்தியலால் அடித்து மடக்கிவிடலாம் என்றார் மாமா. "டயரக் காப்பாத்துவீங்க மாமா, வண்டி உக்காந்துதானே போகும்" என்றான் அண்ணன். ஷாக்கிளை நீட்டலாம் என்று ஒரு மெக்கானிக் சொன்னார். அதையும் அண்ணன் ஒப்பவில்லை. ரெண்டு இஞ்சு நீட்டினால் நடு அச்சில் ஒரு இஞ்சுதான் ஏறும், வண்டியும் ஆடும். பட்டையைத்தான் சரிபண்ணணும் என்று நின்றான்.

அவனுக்குத் தெரியும். 14 வயதிலிருந்து விருதுநகரில் ஒரு பட்டைப் பட்டறையில் சம்மட்டி அடித்தவன். சம்மட்டி அடிக்க மட்டும்தான் அவன். உலையில் பட்டை கோவைப்பழச் சிவப்பாகும் வரை இருப்பான், வளைப்பான், ஆயிலில் முக்குவான். முக்கினதும் முதலாளி சொல்லுவார், "ஏலே, போய் டீ வாங்கிட்டு வா." தினமும் அதே நேரத்துக்குத்தான் டீ. நாலைந்து வருசம் டீ வாங்கினான். அவன் டீயைத் தனிக் கிளாசில் குடித்துவிட்டுத் திரும்பும்போது பட்டை ஆறிக் கிடக்கும்.

மாமா வண்டிக்குப் பட்டை கட்டித் தரக் கேட்டபோது முதலாளி, கலவர நேரம், மத்த வண்டிக்காரங்க வரமாட்டாங்க என்று கையை விரித்தார். சரி நாமே கட்டுவோம் என்று அண்ணன் இரும்புக்கடையில் பழைய அம்பாசிடர் மெயின் பட்டை ரெண்டு வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். வழியில் போலீஸ் பிடித்தது. எங்கள் பக்கம் அரிவாள் அடிப்பதும் வண்டிப் பட்டையில்தான். அந்த வருசம் பட்டையோடு போகிற பள்ளன் வேறு எதற்குப் போவான்? சாயங்காலம் வரை ஜட்டியோடு உட்கார்த்தி வைத்தார்கள். மாமா ஆர்.சி. புக்கோடு வண்டியையே கொண்டுபோய் நிறுத்தி, உரசின இடத்தைக் காட்டினார். ஏட்டு குனிந்து பார்த்தார்.

"பட்ட போட்டா எவ்வளவு ஏறும்?"

"ரெண்டு இஞ்சு சார்."

"ரெண்டு இஞ்சுக்காடா இம்புட்டு?"

விட்டுவிட்டார்கள். பட்டையையும் கொடுத்தார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண்ணில் குழி தோண்டி, கரி போட்டு, சைக்கிள் ரிம்மில் துருத்தி கட்டி உலை வைத்தோம். நான்தான் துருத்தி சுற்றினேன். மெயின் பட்டையின் ரெண்டு நுனியிலும் இருக்கும் கண்ணை வெட்டி எறிந்துவிட்டு, மேல்பட்டையோடு பொருந்துகிற மாதிரி, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வளைத்தான். பழைய ஆயிலில் முக்கினான். ஆறினபின் கட்டிப் பார்க்கலாம் என்று கல்லில் சாய்த்து வைத்தது சரிந்து விழுந்தது. கண்ணாடி மாதிரி ரெண்டாக முறிந்தது.

அண்ணன் ரொம்ப நேரம் அந்த முறிவைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "டீக்கு அனுப்புற நேரத்துல என்னமோ பண்றான்டா" என்றான்.

மறுநாள் வேலைக்குப் போனான். டீக்கு அனுப்பினார்கள். கிளாசை எடுத்துக்கொண்டு சுற்றிப் பின்பக்கம் போய், தகர ஓட்டை வழியாகப் பார்த்தான். முக்கி எடுத்த பட்டையை, மேலே ஆயில் வழிய வழிய, முதலாளி திரும்பவும் தீக்கு மேல் காட்டினார். சிவக்க விடவில்லை. பட்டையில் ஒட்டின ஆயில் தானாகப் பற்றி எரிந்து அடங்கினதும் எடுத்து ஆற வைத்தார். அவ்வளவுதான். முதல் சூடு இரும்பை விறைப்பாக்கும், ரெண்டாவது சூடுதான் வளைந்து நிமிர விடும். ஒரு கிளாஸ் டீ நேரத்து வேலை. சம்மட்டி அடித்தவனிடம் இத்தனை வருசம் மறைத்து வைத்த வித்தை இது.

அன்று ராத்திரி மிச்சமிருந்த பட்டையையும், இன்னொன்று வாங்கி அதையும் ரெண்டாவது சூடு காட்டி எடுத்தோம். பழைய பட்டைகளைச் சூடு காட்டாமல் பச்சையாகவே அடித்து வளைவு ஏற்றினான். அடுக்கு தடித்துப்போனதால் நீளமான சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் தேவைப்பட்டன. பிரேக் ஹோஸ் இழுக்கிறதா என்று ஜாக்கியில் தூக்கிவைத்து ரெண்டு தடவை பார்த்தான். விடியும்போது அளந்தால் ரெண்டேகால் இஞ்சு ஏறியிருந்தது.

காலியாக நிற்கும்போது வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. டீக்கடை முன்னால் போனால், "பாருங்கடா, பள்ளன் வண்டி குண்டியத் தூக்கிட்டுப் போகுது" என்று சிரித்தார்கள். ஒருநாள் ராத்திரி நாலு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். எங்கள் தாத்தா அந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போனவர். அவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தூக்க முடியாதா என்று அண்ணனிடம் கேட்டார்.

முதல் நாள் காலை நானும் கூடப் போனேன். ஓடைப் பள்ளம் வந்ததும் வண்டிக்குள் பேச்சு நின்றது. கதவுப் பிடியில் ரெண்டு மூன்று கைகள் போயின. வண்டி இறங்கிற்று, ஏறிற்று. பெரியம்மா கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்தாள்.

"ஒண்ணும் நாறல. ஓட்டு."

ஆபீஸ் வாசலில் எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பினோம். காலி வண்டி எகிறி எகிறிக் குதித்தது. என் தலை கூரையில் இடித்தது. "இது மட்டும் சரியில்ல மாமா, ஆள் இல்லாட்டி குதிக்கும்" என்றான் அண்ணன், தப்புச் செய்தவன் மாதிரி.

"ஆள் இல்லாம எப்பலே ஓட்டப் போறோம்?" என்றார் மாமா.