கைவினை வகுப்புக்கு யார் வாத்தியார்?

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் சில குடும்பங்கள், சென்னைக்கு வெளியே ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஒரு கைவினை வகுப்பு வேண்டும், பறை கட்டிக் காட்ட முடியுமா என்று எங்களைக் கேட்டார்கள்.

எங்களுக்குள் இரண்டு நாள் விவாதம். கைவினை என்றதும் நமக்கு 1953தான் நினைவுக்கு வரும். ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பள்ளி அரைநாள், மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் வந்ததும் கைவிடப்பட்டது. தோல்வேலை நம் பிள்ளைகளுக்கு விதி, இவர்கள் பிள்ளைகளுக்கு மட்டும் சனிக்கிழமைப் பொழுதுபோக்கா? போகவே கூடாது என்றார் ஒரு தோழர். படிப்பகத்து மாணவி ஒருத்தி, "தொடமாட்டேன்னவங்க வீட்டுப் பிள்ளைங்க தொடட்டுமே" என்றாள். போனோம்.

நிபந்தனையோடுதான் போனோம். பறை கட்டும் பெரியவருக்குப் பொன்னாடையும் பஸ் காசும் போதாது. மண்பாண்டம் சொல்லிக்கொடுக்க வந்தவருக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம். (பொன்னாடை நம் வீடுகளில் ஏற்கெனவே குவிந்துகிடக்கிறது.) பிள்ளைகள் அவரை 'சார்' என்று கூப்பிட வேண்டும். எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகளும் வருவார்கள், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரு தாய் தயங்கித் தயங்கி, மாட்டுத்தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் போதாதா என்றார். அதுவும் இப்போது புழக்கத்தில் இருக்கிறது, மழைக்கும் தாங்கும். ஆனால் தோலை எடுத்துவிட்டால் நம்மை எதைச் சொல்லி ஒதுக்கினார்கள் என்பதையும் சேர்த்து எடுத்துவிட்டதாகும். முடியாது என்றோம்.

மூன்று மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்த சட்டத்தை முன்பே செய்து கொண்டுபோயிருந்தோம். புளியங்கொட்டைப் பசை காய்ச்சுவதும், ஊறிய தோலைச் சுற்றி நின்று இழுத்துப் பிடிப்பதும் பிள்ளைகள் வேலை. ஒரு பக்கம் தளர்ந்தாலும் ஓசை செத்துவிடும். ஈரத்தோலின் வாடைக்குச் சிலர் மூக்கைப் பொத்தினார்கள். பெரியவர் சிரித்தார். "இந்த வாடையோடதான் எங்கப்பன் சோறு தின்னாரு." செத்த மாட்டைத் தூக்குவதும் சாவுக்கு அடிப்பதும் யாரும் விரும்பி எடுத்த தொழில் அல்ல என்பதை அவரே சொன்னார். அடிக்க மறுத்தவர்களை ஊர் என்ன செய்தது என்பதையும் மறைக்கவில்லை.

ஒரு பையன் கேட்டான்: "அப்ப நீங்க மட்டும் ஏன் சார் விடல?"

"அப்ப விட்டா ஊர்ல இருக்க முடியாதுப்பா. எம்மவன் விட்டுட்டான், ஐடிஐ முடிச்சு வெல்டிங் பண்றான். இப்ப நான் கட்டுறது நானா கட்டுறது."

வண்டியில் திரும்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "என்னையா அந்தப் புள்ளைங்க சார்னுச்சுங்க?" அவர் ஊரில் பத்து வயதுப் பிள்ளைகூட அவரை 'வாடா' என்று கூப்பிட்ட காலம் உண்டு.

தோழர்களே, இப்படி உங்களையும் அழைப்பார்கள். சம்பளத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். அந்தக் குழு இன்னொரு வகுப்பு கேட்டிருக்கிறது. அந்தப் பெற்றோரில் நான்கு பேர் பொறியாளர்கள். அவர்கள் எங்கள் படிப்பகத்துக்கு வந்து எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்தால் நாங்களும் வருகிறோம் என்றோம். இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை முதல் வகுப்பு, சால்டரிங்.