மோர்டெகாய் பிரவுனின் வலக்கை

அமெரிக்க பேஸ்பால் வரலாறு ‘மூன்று விரல் பிரவுன்’ என்று நினைவில் வைத்திருக்கும் பந்தெறியாளருக்கு விரல்கள் மூன்றல்ல. வலக்கையில் அவர் இழந்தது ஆள்காட்டி விரலின் பெரும்பகுதியை மட்டுமே. பத்திரிகைகள் சூட்டிய பெயர் எண்ணிக்கையிலேயே பிழைபட்டது. ஆயினும் அதுவே நிலைத்தது.

பிரவுன் 1876இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். அந்நாட்டு விடுதலையின் நூற்றாண்டு என்பதால் ‘சென்டென்னியல்’ என்பதும் அவர் பெயரில் சேர்ந்தது. சிறுவயதில் கால்நடைத் தீவனம் வெட்டும் பண்ணை இயந்திரம் விரலைத் துண்டித்தது. புண் ஆறுமுன்பே கீழே விழுந்ததில் எஞ்சிய விரல்களிலும் எலும்பு முறிந்து கோணலாய்க் கூடின. அந்தக் கோணலான பிடியிலிருந்து புறப்பட்ட பந்து, மட்டையாளரை நெருங்குகையில் சட்டென்று தாழ்ந்தது.

இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும் கதைகளே மிகுதி. விபத்து வரமாயிற்று என்று சொல்வது எளிது. ஒரு சிறுவனின் கை இயந்திரத்தருகே ஏன் இருந்தது என்ற கேள்வி அதில் எழுவதேயில்லை. பதின்பருவத்தில் அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்ததும், சுரங்க ஊர்களின் அணிகளில் ஆடிப் பழகி 26ஆம் வயதில்தான், 1903இல், செயின்ட் லூயிஸ் அணிக்காகப் பெரிய லீகில் கால்வைத்ததும் ஓரிரு சொற்களில் கடந்துபோகின்றன. கோணல் விரல்களைக் கட்டுப்படுத்தக் கற்றது அந்த ஆண்டுகளில்தான். சகவீரர்கள் அவரைச் ‘சுரங்கக்காரர்’ என்றும் அழைத்தனர். இரண்டு பட்டங்களுள் நியாயமானது இதுவே.

அடுத்த ஆண்டே சிகாகோ கப்ஸ் அணிக்கு மாறினார். 1906இல், தடுப்பாட்டப் பிழைகளால் வந்தவை நீங்கலாக, ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களின் சராசரி 1.04. 1908 அக்டோபர் 8 அன்று, லீக் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில், நியூயார்க் மண்ணில், முதல் இன்னிங்ஸிலேயே தடுமாறிய சக பந்தெறியாளருக்குப் பதிலாக இறங்கினார். எதிரே கிறிஸ்டி மேத்யூசன். கல்லூரியில் பயின்ற, நாடே கொண்டாடிய நாயகர். சிகாகோ 4–2 என வென்றது. அவ்வாண்டு உலகத் தொடரையும் அது கைப்பற்றியது. அடுத்த உலகப் பட்டத்துக்கு 2016 வரை காத்திருந்தது.

இருவரும் கடைசியாக எதிரெதிரே நின்றது 1916 செப்டம்பர் 4 அன்று. இருவரது தோள்களும் தளர்ந்திருந்தன. மேத்யூசனின் சின்சினாட்டி 10–8 என வென்றது. அதன்பின் இருவருமே பெரிய லீகில் பந்தெறியவில்லை. பிரவுனின் கணக்கில் 239 வெற்றிகள் இருந்தன. பேஸ்பால் புகழரங்கம் அவரைத் தேர்ந்தெடுத்தது 1949இல். அவர் மறைந்து ஓராண்டு கடந்திருந்தது.