அலையில்லாத தொட்டி

ஆரணியில் நெசவாளர் தெருவொன்றில் என் தாயாருக்காக நான் எடுத்திருந்த வாடகை வீட்டின் முன்னறையில், மூன்றடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று சில நாட்கள் இருந்தது. அதில் மீன்கள் இல்லை. பாதியளவு மணலும், அதன்மேல் ஒரு சாண் உப்பு நீரும் மட்டுமே கண்ணுக்குத் தெரியும். "சாமி, வெறும் மண்ணையா வளர்க்கிறீங்க?" என்று வருகிறவர்கள் சிரிப்பார்கள். அந்த மணலுக்குள் பதினான்கு மணல் நண்டுகள் புதைந்திருந்தன. கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள பட்டு நகரத்தில், ஒரு பங்குத்தந்தைக்கு ஏன் இந்த எண்ணம் வந்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இதில் என் அறியாமையின் கதையும் அடங்கியிருக்கிறது.

நான் கோவளத்தில் பிறந்தவன். கன்னியாகுமரிக் கோவளம் அன்று. சென்னைக்குத் தெற்கே, கார்மேல் அன்னை ஆலயம் கடலைப் பார்த்து நிற்கும் கோவளம். தந்தை கட்டுமரத்தில் சென்றவர். தாயார் நாற்பது ஆண்டுகள் கூடையில் மீன் சுமந்து விற்று எங்களை வளர்த்தார். தந்தை மறைந்தபின் என் தம்பியின் வீட்டில் இருந்தார். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தபோது, தம்பி வீட்டின் கூரை ஓடுகள் பறந்தன. எழுபத்தெட்டு வயதில் அம்மா விடியும்வரை நனைந்த பாயில் அமர்ந்திருந்தாராம். அந்தச் செய்தி என்னை உறங்கவிடவில்லை. பெற்றோரைப் பேண வேண்டும் என்று ஆண்டுதோறும் மறையுரை ஆற்றுகிறவனின் தாய் புயலில் நனைவதா? புத்தாண்டு பிறந்ததும் ஆரணிக்கு அழைத்து வந்துவிட்டேன்.

வீடு வசதியானது; உறுதியான கூரை, குழாயில் தண்ணீர், துணைக்கு ஒரு பெண். அக்கம்பக்கத்து நெசவுக் குடும்பத்தார் அன்பானவர்கள். ஆயினும் அம்மா நாளுக்கு நாள் சுருங்கினார். உணவு குறைந்தது, பேச்சு அதைவிடக் குறைந்தது. மருத்துவர் நோய் ஒன்றுமில்லை என்றார். ஒருநாள் இரவில், "தூக்கம் வரலையா அம்மா?" என்று கேட்டேன். "இங்க சத்தம் நின்னு நின்னு வருது சாமி" என்றார். பக்கத்து வீட்டுக் குழித்தறியைத்தான் சொன்னார். தறி இரவில் ஓய்ந்துவிடும், கடல் ஓய்வதில்லை. நான் குருப்பட்டம் பெற்ற நாள்முதல் அவர் என்னைப் பெயர் சொல்லியோ 'தம்பி' என்றோ அழைத்ததில்லை, 'சாமி'தான். சாமியிடம் குறை சொல்லலாகாது என்று எண்ணினாரோ என்னவோ, அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

கடலை அம்மாவிடம் கொண்டுவந்துவிட்டால் என்ன என்று தோன்றியது அப்போதுதான். எங்கள் பங்கின் பீடச் சிறுவன் ஒருவன், நெசவாளர் வீட்டுப் பிள்ளை, தொட்டியில் சிறு மீன்கள் வளர்த்து வந்தான். அவன் யோசனை சொன்னான். 2023 பிப்ரவரி நடுவில் கோவளம் சென்றபோது, மூன்று கேன்களில் அறுபது லிட்டர் கடல் நீரும், இரண்டு வாளிகளில் ஈர மணலும் எடுத்துக்கொண்டேன். சிறுவயதில் தூண்டில் இரைக்காகத் தோண்டியதைப்போலவே, அலை பின்வாங்கும் இடத்தில் கையை விட்டு மணல் நண்டுகளை அள்ளினேன்.

இது நாம் சமைத்துண்ணும் நண்டு அன்று. முட்டை வடிவில், கட்டைவிரல் நுனியளவு இருக்கும். இதற்குக் கவ்வும் கொடுக்குகள் கிடையாது; கடிக்கத் தெரியாது. பின்பக்கமாகவே மணலைத் தோண்டிச் சில நொடிகளில் மறைந்துவிடும். 1767-இல் லின்னேயஸ் இவ்வினத்துக்கு 'எமெரிட்டஸ்' என்று பெயரிட்டார். ஓய்வு பெற்ற ஆயர்களுக்கு நாம் வழங்கும் அதே இலத்தீன் அடைமொழி! ஆனால் ஓய்வென்பதே இதற்கு இல்லை. கடலேற்றத்தோடு கரையில் மேலேறி, கடலிறக்கத்தோடு கீழிறங்கி, அலையோடேயே இடம்பெயர்ந்து வாழ்கிறது. நம் கடற்கரையில் உள்ள 'எமெரிட்டா ஆசியாட்டிகா' என்ற இனத்தைப் பற்றிச் சென்னைப் பல்கலைக்கழக அறிஞர் டி. சுப்பிரமணியம் 1981-இல் வெளியிட்ட ஆய்வொன்று, இதன் சிறிய ஆண்கள் வளர்ந்தபின் பெண்களாக மாறுகின்றன என்று காட்டியது. இத்தனை எளிய உயிரில் படைத்தவர் வைத்த புதிர்களை எண்ணி வியந்தேன்.

வியப்பு வேறு, வளர்ப்பு வேறு. இரண்டாம் நாளே இரண்டு நண்டுகள் செத்து மேலே கிடந்தன. மாசி வெயிலில் நீர் வற்றியது. நான் மீதியிருந்த கடல் நீரையே ஊற்றி நிரப்பினேன். வற்றுவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நான் ஊற்ற ஊற்ற அது ஏறிக்கொண்டே போயிற்று. உப்பில்லாத நல்ல நீரையே ஊற்றியிருக்க வேண்டும். பசிக்குமே என்று மீன் தீனியைப் பொடித்துத் தூவினேன். அது மணலில் தங்கி அழுகியது. கழிவிலிருந்து எழும் அம்மோனியா நஞ்சை மாற்றும் நுண்ணுயிர்கள் ஒரு புதுத் தொட்டியில் பெருகச் சில வாரங்கள் ஆகும் என்பதைப் பிறகே படித்தறிந்தேன். 1909-இல், எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் சென்னையில் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. அதையும் மெரினாவின் ஓரத்தில்தான் கட்டினார்கள். கடலைவிட்டு விலகிப் போகவில்லை. நானோ ஆரணியில் கடலை உண்டாக்கப் பார்த்தேன்.

திருநீற்றுப் புதனுக்கு முந்தைய நாள் மாலை தாயாரைப் பார்க்கச் சென்றேன். ஏழு நண்டுகளே எஞ்சியிருந்தன. அம்மா தொட்டியருகே மணைப்பலகையில் அமர்ந்திருந்தார். மணலை ஒரு பக்கமாகச் சரிவாக ஒதுக்கியிருந்தார். செம்பில் தொட்டி நீரையே முகந்து சரிவின் மேலிருந்து ஊற்றினார். நீர் மணல்மேல் வழிந்து கீழிறங்கியது. அப்போது மணலுக்குள்ளிருந்து இறகுபோன்ற மெல்லிய உணர்கொம்புகள் விரிந்தன. நீர் ஓடி முடிந்ததும் மடங்கிக்கொண்டன. மீண்டும் ஊற்றினார். மீண்டும் விரிந்தன. அத்தனை நாட்களில் நான் ஒருமுறைகூட அந்தக் கொம்புகளைக் கண்டதில்லை.

"அலை திரும்பிப் போறப்பதான் சாமி இதுங்க தின்னும். அலை இல்லாத தண்ணியில தீனி போட்டு என்ன பண்றது?" என்றார்.

அறிவியல் நூல்களும் அதையேதான் சொல்கின்றன. இந்நண்டு இரையைத் தேடிப் போவதில்லை. கடலை நோக்கிப் புதைந்திருந்து, பின்வாங்கும் அலைநீரில் கொம்பை விரித்து, மிதந்து வரும் நுண்ணுயிர்களை வடித்து உண்கிறது. அதைப் புரட்டுகிற அலைதான் அதற்கு உணவும் ஊட்டுகிறது. அந்த அலையிலிருந்து காப்பாற்றுவதாக எண்ணிப் பட்டினி போட்டிருந்தேன்.

"எவ்வளவு நேரமா ஊத்துறீங்க அம்மா?"

"மத்தியானத்துலேர்ந்து. கை ஓஞ்சுபோச்சு. அலைக்குக் கை ஓயுமா சாமி? கொண்டுபோய் விட்டுடுங்க."

அவர் நண்டுகளைப் பற்றித்தான் பேசினார். நான் வேறொன்றையும் கேட்டேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் விவிலியப் பேராசிரியர் கற்பித்த ஒரு சொல் நினைவுக்கு வந்தது. தொடக்க நூல் 2:15-இல் ஆண்டவர் மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்தவும் காக்கவும் பணிக்கிறார். காத்தலுக்கு அங்கே 'ஷாமார்' என்ற எபிரேய வினை வருகிறது. காயீன் தன் சகோதரனுக்குத் தான் காவலாளியோ என்று கேட்பதும் இவ்வினையடியாகப் பிறந்த சொல்லாலேயே. ஆண்டவர் நம்மைக் காக்கிறார் எனப் பாடும் 121-ஆம் திருப்பாடலில் இது ஆறு முறை வருகிறது. ஆனால் தொடக்க நூலில் 'காத்தலுக்கு' முன்னே நிற்கும் 'பண்படுத்துதல்' என்ற சொல்லுக்கு எபிரேயத்தில் 'பணிபுரிதல்' என்றும் பொருளுண்டு. முதலில் பணிவிடை, பிறகே காவல். நாம் காக்கும் உயிர் எதனால் வாழ்கிறது என்று அதனிடமே பணிந்து கேட்டறியாதவன் அதைக் காக்கவில்லை, வைத்திருக்கிறான், அவ்வளவுதான். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' திருமடல், ஒவ்வொரு படைப்புக்கும் நம் பயன்பாட்டைக் கடந்த தனி மதிப்பு உண்டு என்று கற்பிக்கிறது. இதை நான் பங்கு மக்களுக்கு விளக்கியிருக்கிறேன். என் தாயாரின் வீட்டில் அதை நான் கடைப்பிடிக்கவில்லை.

என் அன்பு பொய்யன்று. ஆனால் அதில் என் அச்சமும் கலந்திருந்தது. மீண்டும் ஒரு புயல் இரவில் குற்றவுணர்வோடு விழித்திருக்க எனக்கு மனமில்லை. அம்மாவின் பாதுகாப்பு என்று நான் சொன்னதில் பாதி என் நிம்மதி.

தவக்காலத்தின் முதல் வாரத்தில் நண்பரின் வேனில் கோவளம் சென்றோம். பீடச் சிறுவனும் வந்தான். அவன் கடலைப் பார்த்தது அதுவே முதல்முறை. வாளியில் ஐந்து நண்டுகள் உயிரோடிருந்தன. எடுத்த இடத்திலேயே அவற்றை ஈர மணலில் வைத்தோம். அடுத்த அலை வந்து திரும்புவதற்குள் ஐந்தும் மறைந்துவிட்டன. அம்மா புடவையைச் சற்றே உயர்த்திக் கணுக்காலளவு நீரில் நின்றார். நெடுநேரம் நின்றார். திரும்பலாமா என்று அவர் கேட்கவில்லை. இங்கேயே இருக்கட்டுமா என்றும் கேட்கவில்லை. சாமியிடம் அவர் எதையும் கேட்பதில்லை. ஆகவே நான்தான் சொன்னேன்: "அம்மா, தம்பி வீட்டுக் கூரையைப் போன மாசமே கட்டி முடிச்சுட்டானாம். நீங்க இங்கேயே இருங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்தபடியே தலையசைத்தார்.

இது சரியான முடிவுதானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைப் பகுதியை மழையில் மூழ்கடித்தபோது, இரவு முழுவதும் ஆரணியில் கைப்பேசியோடு விழித்திருந்தேன். மூன்றாம் முறை அழைத்தபோது அம்மாவே எடுத்தார். பின்னணியில் கடலின் இரைச்சல் பெரிதாகக் கேட்டது. "பயமா இருக்கா அம்மா?" என்றேன்.

"பயந்தான். ஆனா சத்தம் நிக்காம வருது" என்றார். சற்றுப் பொறுத்து, "நீ தூங்கு தம்பி" என்றார்.

என் உடன்பிறந்தானை அழைக்கிறார் என்றே முதலில் எண்ணினேன். பிறகுதான் அது எனக்கு என்று விளங்கியது.