பெரிய வீலுக்கு எத்தனை பி.எஸ்.ஐ.?

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 66-இல், இஞ்சிவிளைப் பக்கம் ஒரு டயர் கடை. காலையிலேயே கேஎல் 19, கேஎல் 20, டிஎன் 75 என கேரள-தமிழ்நாடு எல்லையின் இரண்டு பக்கத்து வண்டிகளும் வரிசையில் நிற்கின்றன.

முதலில் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு சின்னக் கார். 165/80 ஆர்14 டயரைக் கழற்றிவிட்டு, அலாய் வீலோடு 185/65 ஆர்15 மாட்டியிருக்கிறார் உரிமையாளர். “வீலு பெருசாச்சே அண்ணே, காத்து 40 வச்சிரலாமா?” என்று கேட்டார். கடைக்காரர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார்: 33. அடுத்து, டயரின் பக்கவாட்டில் அளவை ஒட்டி இருந்த 88 என்ற எண்ணைத் தொட்டுக் காட்டினார்.

அதுதான் லோடு இண்டெக்ஸ். பழைய டயரில் 85; அதாவது 515 கிலோ தாங்கும். 88 என்றால் 560 கிலோ. வண்டியைத் தாங்குவது பெரும்பாலும் உள்ளே அடைபட்ட காற்றுதான். புது டயரின் திறன் பழையதைவிடக் குறையாததால் 33-லேயே தொடங்கலாம். ‘எக்ஸ்எல்’ (கூடுதல் சுமை) முத்திரை உள்ள டயருக்கு மட்டும் டயர் கம்பெனியின் அட்டவணையைப் பார்க்க வேண்டும். டயரில் ‘மேக்ஸ்’ என்று அச்சிட்டிருப்பது உச்சவரம்பு. அந்த அளவுக்குக் காற்று அடிக்கச் சொல்லவில்லை.

இரண்டு டயர்களின் மொத்த உயரமும் சுமார் 62 செ.மீ. தான். பக்கச்சுவர்தான் 132 மி.மீட்டரிலிருந்து 120 ஆகக் குறைந்திருக்கிறது. காற்றும் குறைந்தால் குழியில் விழும்போது ரிம் அடிவாங்கும்.

33 வைத்ததும் டயரின் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டச் சொன்னார். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. திரும்பி வந்தபோது கோடு சீராக அழிந்திருந்தது.

அடுத்த கார் நெய்யாற்றின்கரையிலிருந்து ஓடி வந்தது. ஸ்டிக்கரில் இதற்கும் 33-தான்; கேஜ் 37 காட்டியது. “நாலு குறைச்சிருங்க” என்றார் ஓட்டி வந்தவர். “சூடு ஆறட்டும் சாரே” என்று கடைக்காரர் கையை எடுத்துக்கொண்டார். சூட்டில் ஏறிய காற்றை இப்போது இறக்கினால், மறுநாள் காலையில் 29-தான் இருக்கும். மூன்று மணி நேரமாவது நின்ற வண்டியில் பார்ப்பதுதான் சரியான அளவு.

வீல் மாற்றுவதில் சட்டமும் உண்டு. வாகனத்தில் தயாரிப்பாளர் வகுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, கேரளத்திலிருந்து போன வழக்கில்தான். ஆகவே உங்கள் காரின் உயர் ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவைத் தேர்ந்தெடுங்கள். கடையில் அலாயின் விலையைக் கேட்கும் முன் டயரின் லோடு இண்டெக்ஸைக் கேளுங்கள். மாதம் ஒருமுறை, ஸ்டெப்னி உட்பட ஐந்து டயரையும் காலையில் பாருங்கள்.